பார்த்தவர் எழுதினால்தான்

செங்கம்

அன்புள்ள சுபேதாருக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிற பழக்கம் உனக்கு உண்டு, அதை மட்டும் செய்யாதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குத் தர்மபுரிக்கு மாற்றல் ஆகிவிட்டது, வாரக் கடைசியில் வந்து போகிறாள். மழை நேரத்துக்குப் பெய்ததால் மானாவாரிக் கடலை விதைத்தாயிற்று. இனி அடுத்த மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். உன்னோடு பனிமலைப் போஸ்டில் நாயக் பதவியில் இருந்த அந்த ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். மயங்கி விழுந்த ஒருவனை அவர் முதுகில் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க இறங்கி வந்த கதையை இத்தனை வருடத்தில் நீ எனக்குச் சொன்னதே இல்லை. கூட அதிகாரி யாரும் இல்லை, வானிலை மோசம், ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. இன்றைக்கு அவர் ஏதோ ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். "மெடலெல்லாம் ஆள் வைத்திருப்பவனுக்குத்தான் வாத்தியாரே" என்று முடித்திருந்தாய்.

உன் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த முடிவை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆள் பலத்தால் கிடைத்த விருதுகள் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? உன் நாயக்குக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் வேறு. அவர் செய்ததைப் பார்த்தவன் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ராணுவ விருதுக்கு சைட்டேஷன், அதாவது செய்த வீரச்செயலை எழுதிக் கொடுக்கும் குறிப்பு, இல்லாமல் எதுவும் நகராது, அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யூனிட்டில் ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் ஆமாம் நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் அது மேலே போகும்.

ரெசாங் லாவை நினைத்துப் பார். சீனப் போர், 1962 நவம்பர் 18. லடாக்கில் சுஷூல் பக்கம் 16,000 அடிக்கு மேலே 13-வது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, சுமார் 120 பேர், மேஜர் ஷைத்தான் சிங் தலைமை. நடுவில் மலை மறித்ததால் நம் பீரங்கிகளின் துணை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நூறு பேருக்கு மேல் அங்கேயே விழுந்தார்கள். உயிர் தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது அதை முழுசாக நம்பியவர்கள் குறைவு. கடைசி ஆள் வரை, கடைசித் தோட்டா வரை சண்டை போட்டார்கள் என்றால் யாருக்குத்தான் உடனே நம்பத் தோன்றும்? அடுத்த பிப்ரவரியில் பனிக்குள்ளிருந்து உடல்களைக் கண்டெடுத்தார்கள். துப்பாக்கியைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. மருத்துவ உதவியாளரின் கையில் ஊசியும் கட்டுத்துணியும் அப்படியே இருந்தன. அந்த மூன்று மாதமும் பனிதான் அவர்களுக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது. மேஜருக்குப் பரம்வீர் சக்கரம், போர்க்கள வீரத்துக்கு நம் நாட்டின் மிக உயர்ந்த விருது. அவர் ஆட்களில் பலருக்கு வீர் சக்கரம்.

பனி உருகாமலே இருந்திருந்தால் அந்த சில பேர் பொய்யர்களாகவே செத்திருப்பார்கள் அல்லவா? இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு பதறுகிறது.

அப்புறம் யோகேந்திர சிங் யாதவ். 1999 கார்கில் போர், டைகர் ஹில், 18-வது கிரனேடியர்ஸ், பத்தொன்பது வயது. உடம்பெல்லாம் குண்டு பாய்ந்தும் உருண்டு கீழே வந்து, மேலே என்ன நடக்கிறது என்று சொன்னவர். இறந்துவிட்டார் என்று நினைத்து, மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பது தெரிந்தது, அதே பெயரில் இன்னொரு வீரர் இறந்திருந்தார். விருதுச் செய்திக்குப் பின்னால் இப்படி எத்தனை குழப்பம், எத்தனை பேரின் வாய்மொழி! இதுவரை பரம்வீர் சக்கரம் 21 பேருக்குத்தான். அதில் 14 பேர் அதை வாங்க உயிரோடு இல்லை.

அந்த மெடலை வரைந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஒரு பெண் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. சாவித்ரி கனோல்கர். இந்தியாவுக்கு வந்து விக்ரம் கனோல்கர் என்ற ராணுவ அதிகாரியை மணந்து, சமஸ்கிருதம் படித்து, புராணமெல்லாம் கரைத்துக் குடித்தவர். மேஜர் ஜெனரல் ஹிராலால் அடல் கேட்டுக்கொண்டதும், வெண்கல வட்டத்தில் நாலு பக்கமும் இந்திரனின் வஜ்ராயுதத்தை வரைந்து கொடுத்தார். வஜ்ராயுதம் எதிலிருந்து செய்யப்பட்டது? ததீசி முனிவர் தன் உயிரைவிட்டுக் கொடுத்த எலும்பிலிருந்து. சின்ன வயதில் பாட்டியிடம் கேட்ட கதை ஒரு சிப்பாயின் மார்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! முதல் பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவின் தம்பிதான் சாவித்ரியின் மகளுடைய கணவர் என்று படித்தபோது பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் பக்கத்தில் இந்த எழுதி வைக்கிற வழக்கம் இன்னும் பழையது. தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரன் கல்லில் நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது, யாரோ ஒருவன் உளி எடுத்ததால். நீ அடுத்த முறை வரும்போது உன் பேரனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிற பையன் பார்க்க வேண்டிய இடம்.

பொதுச்சேவை விருதுகளிலும் இதே நிலைதான். பட்டம் என்ற சங்கதியை அரசியலமைப்பின் 18-வது பிரிவே ஒழித்துவிட்டது. படைத்தலைவனுக்கு ஏனாதி, வணிகனுக்கு எட்டி என்று சங்க காலத்தில் கொடுத்ததும், வெள்ளைக்காரன் ராவ்பகதூர் என்று கொடுத்ததும் பெயரோடு ஒட்டிக்கொள்கிற பட்டங்கள். 1954-இல் தொடங்கிய பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் அப்படி இல்லை, அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணமும் கிடையாது. ஜனாதிபதி கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம், அவ்வளவுதான். காசும் இல்லாமல், பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளவும் முடியாமல் கொடுக்கிற மரியாதை என்பதால்தான் எனக்கு அதன் மேல் இத்தனை பிரியம்.

மங்களூர் ஹரேகள ஹாஜப்பா கதையை உனக்குச் சொன்னேனா? பஸ் ஸ்டாண்டில் கூடையில் ஆரஞ்சு விற்றவர். ஒரு வெளிநாட்டுக்காரர் விலை கேட்டார், இவருக்கு பாஷை புரியவில்லை, பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் போகாத தன் கதி ஊர்ப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று ஆரஞ்சு விற்ற காசைச் சேர்த்து நியூபட்பு கிராமத்தில் பள்ளிக்கூடம் கொண்டுவந்தார். ஆரஞ்சு விற்றுப் பள்ளிக்கூடம்! அவரை நாட்டுக்குக் காட்டியது உள்ளூர்க் கன்னடப் பத்திரிகைக்காரர்கள். 2020 பட்டியலில் பத்மஸ்ரீ அறிவித்து டெல்லியிலிருந்து போன் வந்தபோது அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். 2021 நவம்பரில் ராஷ்டிரபதி பவனுக்குள் செருப்பில்லாமல் நடந்து போய் வாங்கினார்.

நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் வாங்கினார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி மருந்து தயாரிக்க விஷம் வேண்டுமே, அதை எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம் வயலில் கடிபட்டுப் பிழைத்தவன் ஒவ்வொருவனும் அந்த ஜனங்களுக்குக் கடன்பட்டவன். அந்த இரண்டு பேரையும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். மண்ணில் பதிந்திருக்கும் தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே பிடித்துவிட்டார்கள், சில வாரத்தில் இருபதுக்கு மேல். அவர்களோடு வருடக்கணக்காகக் காட்டில் அலைந்த பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அந்தத் திறமையைப் பார்த்து, உலகத்துக்குச் சொன்னவர்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னிடம் இரண்டு வேலை வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை நம் சைக்கிள் கடை அண்ணனுக்காக. உனக்கே தெரியும், லீவில் வரும்போதெல்லாம் உன்னைப் பிடித்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தவர் அவர்தான். போன வாரம் கடையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டினேன். நீளமான கணக்கு நோட்டு, அட்டை கழன்று போகாமல் பழைய டியூபை வெட்டி ரப்பராகப் போட்டிருக்கிறார். ஊர்வாரியாகப் பெயர், ரத்த வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. மூன்று மாதம் ஆகாதவனைக் கூப்பிட மாட்டார். ஓ நெகட்டிவ் ஆட்களுக்கு மட்டும் சிவப்பு மை. வெளியூர் போனவன் பெயருக்கு எதிரே "பெங்களூர், பொங்கலுக்கு வருவான்" என்று குறித்திருக்கிறார். திருவண்ணாமலை ரோட்டில் விபத்து என்றாலும், பிரசவத்தில் சிக்கல் என்றாலும் முதல் போன் அவருக்குத்தான் வருகிறது. நடுராத்திரி பஞ்சர் ஒட்டிய கையோடு டி.வி.எஸ்.ஸில் ஆளை ஏற்றிக்கொண்டு போவார். ஒரு பழைய பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது, பக்கத்தில் "மிலிட்டரி" என்று எழுதியிருக்கிறது.

இவர் பெயரை பத்ம விருதுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எம்.எல்.ஏ. கடிதமெல்லாம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் முன்மொழியலாம், மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். அவர் என்ன செய்தார் என்று 800 சொற்களுக்குள் எழுத வேண்டும். கடைசி நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். கேபினட் செயலாளர் தலைமையிலான குழு பார்த்துப் பிரதமருக்கும் ஜனாதிபதிக்கும் பரிந்துரைக்கும். மறைந்தவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியர், வெளிநாட்டவருக்கும் கொடுப்பதை விட்டால் வருடத்துக்கு 120-க்கு மேல் கிடையாது, நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் மனு போகும். கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம், அது எனக்குத் தெரிகிறது. போனாலும் பரவாயில்லை. நம் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று டெல்லியில் ஒரு கோப்பிலாவது இருக்கட்டும். சின்னவள் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறாள். எழுத வேண்டியது நாம்.

நீ கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்று உனக்கு நினைவிருக்கும். 'நல்ல மனிதர், பெரிய தியாகி' என்றெல்லாம் எழுதாதே, அதை ஆயிரம் பேர் எழுதுவார்கள். என்ன நடந்தது, எந்த வருடம், எத்தனை மணிக்கு வந்து கதவைத் தட்டினார், பஸ் இல்லாமல் எப்படிப் போனீர்கள் என்று எழுது. ராணுவத்தில் ரிப்போர்ட் எழுதுவாயே, அதே மாதிரி. ஒரு பக்கம் போதும். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நோட்டைப் பூட்டி வைத்துவிடுவார்.

இரண்டாவது வேலை உன் நாயக். சக்கரங்களுக்கும் மெடலுக்கும் காலம் கடந்துவிட்டது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் சுமந்து வந்து காப்பாற்றிய ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனையும் கூட்டிக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் ஒரு நாள் உட்காருங்கள். எந்தப் போஸ்ட், எந்த மாதம், எவ்வளவு நேரம் நடந்தீர்கள், வழியில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ரெஜிமெண்டுக்கு ஒரு பிரதி, உங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஒன்று, அவர் பிள்ளைகளுக்கு ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா யார் என்று தெரியுமா, தெரியாதா? வாட்ச்மேன் வேலை பார்க்கும் அந்த அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்குத் தெரியுமா? நீ வடித்துக் கொடுத்தால் தமிழை நான் திருத்தித் தருகிறேன், ஆங்கிலத்தில் போட சின்னவள் இருக்கிறாள்.

உன்னால் எழுத முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. பள்ளிக்கூடத்தில் நம் வகுப்பில் கட்டுரைக்கு முதல் மார்க் வாங்கியவன் நீ, நான் இல்லை.

ஆடி மாதம் பிறப்பதற்குள் ஒரு நடை வந்து போ. பஸ்ஸில் முட்டியை மடக்கி உட்கார வேண்டாம், மாப்பிள்ளை கார் எடுத்து வருகிறேன் என்கிறார். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். சைக்கிள் கடை அண்ணனைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் இந்த வாரமே போட்டோ எடுத்து அனுப்பிவிடு. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் வாத்தியார்