செட்டப் டாட் பை-யை இன்னும் ஒரு பெரிய வெளியீட்டுக்குத் திரும்ப வையுங்கள்

பழைய தமிழ் எழுத்துருக் குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றும் கருவியின் பராமரிப்புக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பினாங்கு, செபராங் பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களில் ஒருவன் எழுதுகிறேன். போன பெரிய வெளியீட்டில், கருவியைக் கட்டி நிறுவ உதவிய செட்டப் டாட் பை (setup.py) கோப்பைத் தூக்கிவிட்டு மெசன் (Meson) என்ற வேறொரு கட்டுமானக் கருவிக்கு மாறியது பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைப் பற்றி உங்கள் திட்டப் பக்கத்தில் நாங்கள் திறந்த இஷ்யூவுக்கு (புகார்ப் பதிவுக்கு) ஒருவரும் பதில் எழுதவில்லை. கடைசியில் உங்கள் பாட் (தானியங்கி நிரல்) வந்து, நீண்ட நாளாக அசைவில்லை என்று மூடிவிட்டுப் போனது. பாட்டோடு வாதாட முடியாது; அதனால்தான் இந்த மடல்.

மாற்றமே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல், செட்டப் டாட் பை நம்பியிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பொதி கட்டும் நூலகத்தை எடுத்தேவிட்டார்கள். ஏதாவது செய்தாக வேண்டிய நிலை, சரி. ஆனால் அதற்காக செட்டப் டாட் பை-யே போக வேண்டும் என்று யார் சொன்னது? அதே வேலையைச் செய்யும் செட்டப்டூல்ஸ் என்ற நூலகம் தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பழைய கோப்பில் இம்போர்ட் வரிகளை மட்டும் மாற்றிப் பார்த்தேன், 3.12-இலும் பில்ட் ஆகிறது.

நிபோங் திபால் பக்கம், சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. கணினிகள் எல்லாம் ஓர் அலுவலகம் கழித்துக் கட்டியவை, 32 பிட். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஓட்டுகிறோம். அறையில் இணையம் கிடையாது. பழைய எழுத்துருக் குறியீட்டில் கிடக்கும் தேர்வுத்தாள்களை யூனிகோடுக்கு மாற்ற அங்குள்ள ஆசிரியை உங்கள் கருவியைத்தான் நம்பியிருக்கிறார். 32 பிட்டுக்கு நீங்கள் வீல் (முன்பே கம்பைல் செய்த தயார்ப் பொதி) வெளியிடுவதில்லை. சி-யில் எழுதிய அந்தச் சின்னப் பகுதியை அங்கேயேதான் கம்பைல் செய்ய வேண்டும். முன்பு அது ஒரு பிரச்சினையே இல்லை. பெண்டிரைவில் மூலப் பொதி, ஒரே கட்டளை, டெபியனிலேயே இருக்கும் செட்டப்டூல்ஸ். ஆசிரியை தாமே செய்துகொள்வார்.

இப்போது அதே பெண்டிரைவைச் செருகினால் என்ன நடக்கிறது தெரியுமா? பைத்தான் பொதிகளை நிறுவும் பிப், கட்டுமானத்துக்கென்று ஒரு தனி அறையை (தற்காலிகச் சூழலை) கட்டிக்கொண்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் மெசனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மெசனைப் பைத்தானோடு இணைக்கும் மெசன்-பைத்தான் வேண்டும் என்று, இணையத்தில் உள்ள பொதிக் களஞ்சியமான பைபிஐ-யைத் தேடிப் போகிறது. இல்லாத இணையத்தில் மறுபடியும் மறுபடியும் முயன்றுவிட்டு, சிவப்பு எழுத்தில் கை விரிக்கிறது. அந்தத் தனி அறை வேண்டாம் என்று தனியாகச் சொல்லிப் பார்த்தோம். அப்புறம் மெசனே மறுக்கிறது. காரணம், உங்கள் மெசன் டாட் பில்ட் கோப்பு டெபியன் 12-இல் உள்ளதைவிடப் புதிய மெசன் வேண்டும் என்று கேட்கிறது. அந்த எண்ணைக் குறைத்துவிட்டு ஓட்டினேன். ஒரு முனகலும் இல்லாமல் பில்ட் ஆனது. அப்படியானால் அந்த எண் அங்கே எதற்கு?

வீட்டிலேயே வீல் செய்து கொண்டுபோனால் என்ன என்று கேட்பீர்கள். அதைத்தான் செய்கிறேன். பள்ளிக்குப் பள்ளி பைத்தான் பதிப்பு வேறு, ஆகவே வீலும் வேறு. ஆசிரியை தாமே முடித்துக்கொண்டிருந்த வேலைக்கு இப்போது என் சனிக்கிழமை ஓய்வாக இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் கேட்கும் தோரணையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

உங்களைவிடப் பெரிய திட்டங்களும் மாறின. அறிவியல் கணக்கீட்டு நூலகங்களையே பாருங்கள்: சைபை 2022-இல் 1.9 பதிப்பில் மெசனுக்கு வந்தது, நம்பை 2023-இல் 1.26-இல். ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழி நிரல்களையும் சேர்த்துக் கட்டி இழுக்கிற சைபையே பழைய வழியை ஒரேயடியாக அடைக்கவில்லை, நம்பையும் அப்படித்தான். நீங்கள் ஒரே ஒரு சி கோப்பு வைத்திருக்கிறீர்கள். வெளியீட்டுக் குறிப்பில் ‘கட்டுமானம் நவீனமாக்கப்பட்டது’ என்று ஒரு வரி, அதோடு சரி. பைத்தானின் கட்டுமான நெறிமுறையான பெப் 517 விருப்பப்பட்ட கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது, மறுக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லாதே என்று அதில் எங்கேயும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

பொதுவாகவே இப்போது இப்படித்தான் ஆகிவிட்டது. எழுத்துகளை மாற்றும் சின்ன நிரலைச் சோதிக்க, ஜிகாபைட் கணக்கில் கண்டெய்னரை (தேவையான எல்லாவற்றையும் அடைத்த மென்பொருள் பெட்டியை) இறக்கு என்கிறார்கள். தமிழ்க் கணிமை எல்லோருக்கும் என்று மேடையில் பேசும்போது கைதட்டுகிறோம். அந்த எல்லோரிடமும் ஃபைபர் இணைப்பு இருக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். செட்டப் டாட் பை-யை அடுத்த பெரிய வெளியீடு வரைக்கும் மூலப் பொதியில் திரும்பச் சேர்த்து வையுங்கள். மெசனே முதன்மையாக இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. அது முடியாதென்றால், மெசன் பதிப்பு எண்ணையாவது உண்மையில் தேவைப்படும் அளவுக்குக் குறையுங்கள். இரண்டுக்கும் திருத்தங்கள் எங்களிடம் தயாராக இருக்கின்றன. உங்களில் ஒருவர் படித்துப் பார்த்து இணைத்தால் போதும். இனி வெளியீட்டுக்கு முன் சோதிக்க ஆள் வேண்டுமென்றால் தயவுசெய்து சொல்லுங்கள். 32 பிட் கணினிக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை.

நன்றியுடன்,
செபராங் பிறையிலிருந்து ஒரு பயனர்