முழு நாளாகக் கேட்க வேண்டிய வானொலி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலையொலிகள் (பாட்காஸ்ட்) பெருகிவிட்ட நிலையில் பேச்சு வானொலிக்கு இனி இடமில்லை என்று தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரை முடிவு கட்டியிருந்தது. பிபிசி ரேடியோ 4 நிலையத்தை நெடுங்காலமாகக் கேட்டு வரும் நேயன் என்ற முறையில் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

நம் வாசகர்களில் மூத்தவர்களுக்குப் பிபிசி என்றாலே, 1941இல் தொடங்கி 2017 வரை வானொலியில் ஒலித்த தமிழோசைதான் நினைவுக்கு வரும். அது கடல் கடந்த நேயர்களுக்கான சேவை. பிரிட்டன் மக்கள் தமக்காக வைத்திருக்கும் பேச்சு நிலையம் ரேடியோ 4 ஆகும். ஹோம் சர்வீஸ் என்ற பழைய நிலையத்தின் இடத்தில் 1967 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய இதில் பாட்டுக்கு இடம் மிகக் குறைவு. விளம்பரம் அறவே இல்லை. மக்கள் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் அது இயங்குகிறது.

அதன் ஒரு வாரநாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னரே உழவர்களுக்கான செய்தி வந்துவிடுகிறது. காலை 6 மணிக்குத் தொடங்கும் 'டுடே' 9 மணி வரை நீள்கிறது. அமைச்சர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் அந்த நிகழ்ச்சியின் நடுவிலேயே சில நிமிடங்கள் சமயச் சிந்தனைக்கு ஒதுக்கப்படுகின்றன. 10 மணிக்கு 'உமன்ஸ் அவர்'. 1946இல் அது தொடங்கியபோது அதைத் தொகுத்து வழங்கியவர் ஓர் ஆண் என்பது இன்று வியப்பளிக்கும். பின்னர் அது பெண்களின் உடல்நலம், சட்டம், வேலை ஆகியவற்றை வேறெங்கும் பேசத் தயங்கிய காலத்தில் பேசிய மேடையாக வளர்ந்தது. பகல் 1 மணிக்கு விரிவான செய்தி, 2.15 மணிக்குப் பெரும்பாலும் 45 நிமிட நாடகம், மாலை 6 மணிச் செய்திக்கு முன் பிக்பென் கடிகாரத்தின் மணியோசை, இரவு 10.45க்கு ஒரு நூலின் வாசிப்பு என்று நாள் நகர்கிறது.

இவற்றுள் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1951 ஜனவரி 1 முதல் நாடெங்கும் ஒலிபரப்பாகி வரும் இது, போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீங்காதிருந்த பிரிட்டனில், விளைச்சலைப் பெருக்கும் முறைகளை உழவர்களிடம் கொண்டு சேர்ப்பதற்காக வேளாண் அமைச்சகத்தின் ஒத்துழைப்புடன் உருவாக்கப்பட்டது. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்துக் குடும்பங்களின் பிறப்பும் இறப்பும் பிணக்கும் வழியாகவே மாட்டு நோயும் உரச் செலவும் வாழ்நாளில் வயலில் கால் வைத்திராத நகரத்தாரின் காதுக்கு வந்து சேர்ந்தன. உழவை உழவர் அல்லாதாரும் அன்றாடம் கேட்கும்படி செய்தது இந்த நாடகத்தின் பெருஞ்சாதனை என்பேன்.

நள்ளிரவு கடந்து 12.48 மணிக்கு வரும் கடல் வானிலை அறிக்கையும் அப்படிப்பட்டதே. பிரிட்டனைச் சூழ்ந்த கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வைகிங் பகுதியில் தொடங்கி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, காற்று, அலை, மழை, கண்ணுக்கெட்டும் தூரம் ஆகியவற்றை மாறாத வரிசையில் நிதானமாக வாசிக்கிறார்கள். மீனவரும் மாலுமிகளும் குறித்துக்கொள்வதற்காக ஏற்பட்ட நிதானம் அது. ஆனால் கடலுக்கே போகாதவர்களும் விழித்திருந்து கேட்கிறார்கள். தம் தீவைச் சுற்றி இந்நேரம் யாரோ படகில் இருக்கிறார்கள் என்ற நினைவு அவர்களுக்கு நாள்தோறும் வந்து போகிறது. இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

தங்கள் கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதைத்தான். வலையொலியில் நாம் தேடிச் சென்று விரும்பியதை மட்டும் கேட்கிறோம். ரேடியோ 4இன் ஒரு நாளிலோ, செய்திக்காக வானொலியைத் திறந்தவர் அடுத்து வரும் நாடகத்தில் சிக்கிக்கொள்கிறார்; நாடகத்துக்காகக் காத்திருப்பவர், தமக்கு ஆர்வமே இல்லாத வேளாண் விலையையோ நாடாளுமன்ற விவாதத்தையோ கேட்டுவிடுகிறார். வியாழன் காலையில் மூன்று அறிஞர்கள் அமர்ந்து ஒரே பொருளை ஆராயும் நிகழ்ச்சியில் எனக்குச் சற்றும் தொடர்பில்லாத எத்தனையோ துறைகள் அறிமுகமாயின. அவற்றை நானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டேன். இரவுப்பணி செய்வோருக்கும், குறித்த நேரத்தில் கேட்க இயலாதோருக்கும் வலையொலி பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இந்த வரிசைக்கு ஈடாகாது.

நேயர்களும் அந்த வரிசையைத் தம்முடையதாகவே கருதுகிறார்கள். 1991இல் 'உமன்ஸ் அவர்' பிற்பகலிலிருந்து காலைக்கு மாற்றப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2006இல் அதிகாலை ஒலிபரப்பின் தொடக்க இசைத் தொகுப்பை நிறுத்தியபோது நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. அண்மைக் காலத்து இழப்பு இன்னும் பெரிது. நெடுந்தொலைவு எட்டும் நெட்டலையில் தனி நிகழ்ச்சிகள் ஒலிபரப்பும் வழக்கம் 2024இல் முடிவுக்கு வந்தது. அத்துடன் கடல் அறிக்கையும் வாரநாட்களில் நான்கு முறையிலிருந்து இரண்டாகக் குறைந்தது. சிக்கனம் கருதி எடுத்த முடிவு என்றாலும் அது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இதழின் ஒலி அறிமுகப் பகுதியில் தனித்தனி வலையொலிகளைப் பரிந்துரைப்பதோடு நில்லாமல், ஒரு முறையேனும் ஒரு நிலையத்தின் முழு நாளை மணிவாரியாக எழுதச் செய்யுங்கள். ரேடியோ 4 இணையத்தில் நேரலையாக இங்கும் கிடைக்கிறது. குளிர்காலத்தில் அவர்களது பகல் 2.15 மணி நாடகம் நமக்கு இரவு 7.45க்கும், நள்ளிரவுக் கடல் அறிக்கை காலை 6.18க்கும் வரும்; கோடையில் இரண்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகன்,
தூத்துக்குடி