எந்த ப்ரொசெக்கோ, எதோடு?

அன்பு கயலுக்கு,

சனிக்கிழமை விருந்துக்கு எந்த ப்ரொசெக்கோ, அதாவது இத்தாலிய நுரை ஒயின், வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் என்ன சமைப்பது என்று முடிவு செய், கண்ணு. அதைப் பொறுத்துத்தான் பாட்டில்.

லேபிளில் தேட வேண்டியது இனிப்பின் அளவு. லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் ப்ரூட், 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா ட்ரை, 17 முதல் 32 வரை ட்ரை. ஆக, மூன்றில் இனிப்பு அதிகம் ட்ரையில்தான். பலரும் தவறுவது இந்த இடத்தில். வட இத்தாலியின் கொனெல்யானோ, வல்தோப்யாதெனே மலைச்சரிவுகளின் டிஓசிஜி (இத்தாலிய ஒயினின் மிக உயர்ந்த தர முத்திரை) கிடைத்தால் அதையே எடு. விலை கொஞ்சம் கூடும், ஆனால் வாசனையில் தெளிவு இருக்கும்.

ப்ரொசெக்கோவில் குறைந்தது 85 சதவீதம் க்ளேரா என்ற வெள்ளைத் திராட்சை. பெரும்பாலான ப்ரொசெக்கோவுக்குக் குமிழியைத் தரும் இரண்டாம் நொதிப்பு நடப்பது அழுத்தத் தொட்டியில், ஷாம்பெயினுக்குப் பாட்டிலுக்குள். அதனால் ஈஸ்ட்டின் ரொட்டி மணம் ஏறுவதில்லை. பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசனை அப்படியே நிற்கும். இந்த வாசனை சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிப் பல வருடம் பத்திரப்படுத்துவதில் பயனில்லை.

ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் வை. அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸ் பாட்டிலை முழுக்கத் தொடாது, குளிர நேரமாகும். ஃப்ரீசரில் மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். 6 முதல் 8 டிகிரி போதும். அதைவிடக் குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும், சூடேறினால் நுரை பொங்கும்.

திறக்கும்போது தக்கையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்து. கம்பிக் கூட்டைக் கழற்றாதே, தக்கையோடு சேர்த்துப் பிடி. பாட்டிலை யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் சாய்த்து, தக்கையை அசையாமல் வைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பு. 'உஸ்' என்று மெல்ல வந்தால் சரி. சத்தமாக வெடித்தால் வாயுவும் ஒயினும் வீண்.

ஒல்லியான உயரக் கிளாஸ் வேண்டாம், மூக்குக்கு இடமிருக்காது. டியூலிப் வடிவக் கிளாஸ் நல்லது. சோப்பு எச்சம் நுரையைக் கொல்லும், வெந்நீரில் நன்றாக அலசு. இரண்டு விரல் அளவு ஊற்றி, நுரை இறங்கியதும் பாதிவரை நிரப்பு. ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது, அடுத்த பாட்டிலைத் திற.

இனி சாப்பாடு. கணவாய், இறால் பொரித்த ஃப்ரித்தோ மிஸ்தோவுக்கு ப்ரூட் வாங்கு. புளிப்பும் குமிழிகளும் எண்ணெய்ப் பசையை நாக்கிலிருந்து எடுத்துவிடும். உலர்ந்த காட் மீனை ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடித்த பக்காலா மான்தேகாத்தோவுக்கும் அதுவே. உப்பு ஒயினின் பழச்சுவையைத் தூக்கிக் காட்டும். சான் தானியேலே ஹாமோடு இளம் அசியாகோ சீஸையும் தைரியமாக வை. வெங்காயம், வினிகர், உலர்திராட்சை சேர்த்த மத்திச் சாளை, அதாவது சார்தே இன் சாவோர், கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் கலந்தது. அதற்கு ப்ரூட் கசந்து போகும், எக்ஸ்ட்ரா ட்ரைதான் பொருந்தும். மிளகாய் போட்டு ஏதாவது செய்தாலும் எக்ஸ்ட்ரா ட்ரையே எடு. குமிழியும் மதுவும் காரத்தை ஏற்றும், சர்க்கரை அதைத் தணிக்கும்.

காபியும் க்ரீம் சீஸும் சேர்ந்த இனிப்பான தீராமிசுவோடு ஊற்றாதே. உணவின் இனிப்பு ஒயினைவிட மிஞ்சினால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். இனிப்புக்குத்தான் வேண்டுமென்றால் வல்தோப்யாதெனேயின் கார்த்தீட்ஸே குன்றில் விளையும் ட்ரையும் அதிகம் இனிக்காத பாதாம் பிஸ்கட்டும் வை.

ஒரு பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ் வரும். மிச்சமிருந்தால் நுரை ஒயினுக்கான மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வை, மறுநாளுக்குள் முடித்துவிடு. கரண்டியைக் கழுத்தில் செருகுவதால் வாயு நிற்காது.

வண்டி ஓட்டுபவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். அவர்களுக்கு எலுமிச்சை சோடா எடுத்து வை.

அன்புடன்,
அப்பா