போன் எடுக்காத தம்பிக்கு

தம்பி,

அப்பா திதிக்கு நீ வரல. லீவு கிடைக்கலன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்க, அம்மா நம்பிட்டாங்க, நான் நம்பல. நான் பணத்தப் பத்தி கேட்பேன்னுதான வரல? போனும் எடுக்க மாட்டேங்குற, வாட்சப்ல அனுப்புனதையும் திறக்கல, ஆனா நான் இங்க எது எழுதினாலும் படிச்சிருவன்னு தெரியும், அதான் இங்க. பேரு, தொகை, எந்த பேங்க், எதுவும் எழுதல. சொந்தக்காரங்க வந்து போற இடம், அவங்களுக்குப் புரிஞ்ச வரைக்கும் புரியட்டும்.

விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். உன் கிரெடிட் கார்டு கடன அடைக்க, அடகு வெக்க இந்த தடவ என் செயின் கிடையாது. மன்னிச்சிருடா. நகைக்கடன் வட்டி கார்டு வட்டில பாதி கூட வராது, கணக்குப்படி அது சரிதான்னு எனக்கும் தெரியும், போன தடவ அத நம்பித்தான் குடுத்தேன், நீயும் அடைச்ச, அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள அதே கார்டு திரும்ப ஃபுல்லு, கூட இன்னொரு கார்டு. பாப்பாவோட செல்வமகள் கணக்குல இருக்கேன்னு அம்மாவ விட்டு கேட்க வெச்சியே, அவ பத்தாவது முடிக்கணும் இல்ல பதினெட்டு வயசு ஆகணும், அதுவரைக்கும் அதுல இருந்து படிப்புக்குன்னு கூட எடுக்க முடியாது, எடுக்க முடிஞ்சாலும் விட்டிருக்க மாட்டேன். கேட்டது கூட பரவால்ல. அம்மா வாயால கேட்க வெச்சது எனக்கு இன்னும் ஆறல.

ரெண்டு நாளா செல்லூர் வீட்டு வாசல்தான் ஞாபகத்துல ஓடுது. சனிக்கிழமை சாயங்காலம் வட்டிக்காரர் வண்டி சத்தம் சந்து முனையில கேட்டதும் அம்மா டிவிய அணைப்பாங்க, அப்பா அடுப்படி கதவுக்குப் பின்னாடி போயிருவாரு, உன்னத்தான் வாசலுக்கு அனுப்புவாங்க, சின்னப் பையன்கிட்ட கத்த மாட்டாருன்னு. அப்பா ஊருக்குப் போயிருக்காருன்னு நீ சொல்லுவ, அவரும் போயிருவாரு. அன்னைக்கு போகல. திண்ணையில உக்காந்து உன் கணக்கு நோட்ட வாங்கிப் புரட்டினாரு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லுன்னாரு. தப்பில்லாம சொன்ன. சொல்லிட்டே அடுப்படி கதவையே பார்த்த. அவரும் நீ பார்த்த பக்கம் பார்த்தாரு, ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டாரு. வண்டி சத்தம் மறைஞ்சதும் அப்பா வெளிய வந்து, ஏன்டா இங்க பார்த்தன்னு உன் முதுகுல ஒண்ணு வெச்சாரு. நீ அழல. நான்தான் அழுதேன்.

அதனாலதான் உன்ன திட்டணும்னு உக்காந்தா எனக்கு வாய் வரல. அந்தப் பையன்தான் இன்னைக்கு பேங்க் மெசேஜ் வந்தா திறக்காம தள்ளி விடறான். அப்பாவையும் குறை சொல்ல முடியாது, எதுக்கு வாங்கின கடன்னு நமக்குத் தெரியும். ஆனா எனக்கும் அதே வீடுதானடா? கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் ஏடிஎம் சீட்ட பார்க்காமயே கசக்கிப் போட்டவதான் நான். எனக்கு யாரு செயின் குடுத்தா? மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை மாமாவும் நானும் நோட்ட வெச்சு உக்காந்தோம், ஆரம்பத்துல எல்லா மாசமும் சண்டைலதான் முடியும், கடன எழுதறதுக்கே கை வராது. எழுத எழுதத்தான் ராத்திரி தூக்கம் வந்துச்சு.

ஒண்ணு யோசிச்சுப் பாரு. நம்ம வீடே ஒளிஞ்ச அந்த ஆளு வாங்கினது மூணு வட்டி, நூத்துக்கு மாசம் மூணு ரூபா, வருஷம் 36 ரூபா. நீ காட்டின ஸ்டேட்மெண்ட்ல மாசம் 3.5 சதவீதம் போட்டிருந்துச்சு, வருஷத்துக்கு 42, அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா பழைய பாக்கிக்கு வட்டி ஓடுறது மட்டுமில்ல, புதுசா தேய்க்கற ஒவ்வொண்ணுக்கும் அன்னையிலிருந்தே வட்டி. மாசாமாசம் ஒழுங்கா கட்டிட்டுதானக்கா இருக்கேன்னு நீ சொன்னது இதத்தான்.

ஞாயித்துக்கிழமை வா. எல்லா ஸ்டேட்மெண்டையும் பிரிண்ட் எடுத்துட்டு வா, சாப்பாடு இங்கதான். கார்ட இங்கயே கத்திரிச்சுப் போடறோம், அதுல பேச்சே இல்ல. எதுல வட்டி ஜாஸ்தியோ அதுல முடிஞ்ச வரைக்கும் கூட கட்டு, மத்ததுல மினிமம். பாக்கிய ஈஎம்ஐயா மாத்தினா வட்டி எவ்ளோன்னு நீயே பேங்க்ல கேளு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். செட்டில்மெண்ட்னு குறைச்சு கட்டச் சொல்வாங்க, அவசரப்பட்டு தலையாட்டிராத, நம்ம கடன் வரலாறு எழுதற சிபில்ல செட்டில்டுன்னு விழுந்து பின்னாடி வீட்டு லோனுக்குப் போறப்ப இடிக்கும். வசூல் ஆளுங்க காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழுக்கு மேலயும் போன் பண்ணக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிருச்சு. ராத்திரி கூப்பிட்டா போன அணைக்காத, எடுத்து இதச் சொல்லு.

உன் வீட்ல இன்னும் சொல்லலன்னு நினைக்கறேன். அதப் பத்தி இங்க எழுத மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே சொல்லிரு. அவ எனக்கு போன் பண்ணி கேட்டான்னா ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன்.

அக்கா