அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். சின்னவனுக்கு முன்பல் விழுந்த படத்தை ஒல்லி காட்டினான். ஹாஸ்டல் குரூப் போட்டோவில் நீ சிரிப்பாயே, அச்சு அசல் அதே சிரிப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி ஒல்லி போன் செய்தான். டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு என்று நீ ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறாயாம், இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். சிவப்பு டர்போ, நாலு சக்கரத்துக்கும் பவர், எக்ஸாஸ்ட் மாற்றியது, பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு ‘மேப்’ ஏற்றியது, போதாதற்குப் பின்னால் ஒரு ஸ்பாய்லர். என் மெசேஜுக்கு ஒரு வரி பதில் போட உனக்கு நேரமில்லை, ஆனால் ஒல்லியோடு உட்கார்ந்து ஸ்பாய்லர் உயரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிகிறது. கோபம்தான்டா. ஆனாலும் கோபத்தை விடப் பயம் அதிகம். போனில் என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டி வேண்டாம். அது நல்ல வண்டியாகவே இருக்கட்டும், நீ செய்யப் போகிற வேலைக்கு அது ஆகாது. எடை குறைந்த, யாரும் கை வைக்காத, ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கிற ஒரு சாதாரண வண்டிதான் முதலில் உனக்கு வேண்டும். பவரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

எடையை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்பாய். அந்தச் சிவப்பு வண்டி 1,500 கிலோவுக்குக் குறையாது. ரோட்டில் அது உனக்குத் தெரியவே தெரியாது. டிராக்கில் நேர்ப்பாதை முடிவில் 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 80-க்குக் குறைக்கிறாய் என்று வைத்துக்கொள். ஆயிரம் கிலோ வண்டியாக இருந்தால், அந்த ஒரு பிரேக்கில் மட்டும் சுமார் 740 கிலோஜூல் ஆற்றல் கழிய வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர அது தாராளமாகப் போதும். 1,500 கிலோவில் இது 1,100-ஐத் தாண்டிவிடும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி பெரும்பாலும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்குகளின் தலையில்தான், அதிலும் முன்னால் இருக்கும் இரண்டின் தலையில். ஒரே லேப்பில், அதாவது டிராக்கின் ஒரு சுற்றில், இப்படிப் பல இடம் வரும். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். ‘மேப்’ ஏற்றிய இன்ஜின் என்ன செய்யும்? அதே வளைவுக்கு உன்னை இன்னும் கூடுதல் வேகத்தில் கொண்டுவந்து விடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பவரைக் கூட்டியவர் பிரேக்கையும் அந்த அளவுக்குக் கூட்டியிருக்கிறாரா என்று கேட்டாயா? ஒல்லி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒல்லியின் பழைய வண்டியில் பிரேக் போன கதையை அவன் உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பான். பக்கத்து சீட்டில் இருந்தது நான். முதல் சில லேப் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் கிளட்ச் தேய்ந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு காட்டமான வாடை வந்தது. டிஸ்க்கை அழுத்துகிற பேட் சூடேறுகிறது என்று சொன்னேன், இன்னும் ஒரு லேப் என்றான். அடுத்த வளைவுக்கு முன் அவன் காலை வைத்தபோது பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரை போனது. எடுத்து மறுபடி மிதித்தான், பாதியில் ஏதோ பிடித்தது. மறுபடி மிதித்தான். அதற்குள் வளைவு தாண்டி, பக்கவாட்டு மண்ணில் இறங்கி நின்றோம். அங்கே இடம் விட்டிருந்தார்கள், பிழைத்தோம். இறங்கிப் பார்த்தால் முன் சக்கரங்களிலிருந்து புகை. ஒல்லி ஸ்டியரிங்கை விடவே இல்லை. நான்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இந்தப் பகுதியை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

காரணம் பழைய பிரேக் ஆயில், அவ்வளவுதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலுக்கான தர விதிப்படி, டாட் 4 என்கிற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி விட்டுவிடுகிறது. கொதித்துக் குமிழி வந்துவிட்டால், நீ மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதோடு நின்றுவிடும், பேட் வரைக்கும் போகாது. அதனால் எந்த வண்டி வாங்கினாலும் சரி, டிராக்கில் இறங்கும் முன் அதிகக் கொதிநிலை உள்ள புது ஆயில், வெப்பம் தாங்கும் பேட், இந்த இரண்டும் இல்லாமல் போகாதே. இதில் மட்டும் என்னோடு பேரம் பேசாதே.

இங்கேதான் பணக் கணக்கு வருகிறது. உன் கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிட்டால், ஓட்டுவதற்கு எதை வைத்து ஓட்டுவாய்? பாதிக்கு வண்டி, மீதிப் பாதி கையில். இதுதான் என் கணக்கு. பேட், ஆயில், டயர், நல்ல ஹெல்மெட், உடம்பைப் பிடித்து வைக்கிற ஒரு சீட், டிராக் கட்டணம், பெட்ரோல், வருகிற வழியில் வண்டி நின்றுபோனால் ஏற்றி வரும் செலவு. கனமான வண்டி இதில் பாதியை இரண்டு மடங்காகத் தின்னும். பெரிய சக்கரத்துக்குப் பெரிய டயர், பெரிய டயருக்குப் பெரிய விலை. டர்போவாக இருந்தால் சூடு இன்னொரு தலைவலி. சில லேப் ஆனதும் உள்ளே போகிற காற்றே சூடாகிவிடும், இன்ஜினின் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துவிடும். நீ காசு கொடுத்து வாங்கிய பவர், வேண்டிய நேரத்தில் இருக்காது.

அப்படியானால் எது என்று கேட்பாய். மனசு சொல்வது மாஸ்டா எம்எக்ஸ்-5தான். 1989-இல் வந்த முதல் தலைமுறையும், 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையும் ஆயிரம் கிலோவை ஒட்டியவை. பின்சக்கர இயக்கம், தெளிவான ஸ்டியரிங், அதிகம் தேயாத டயர். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிப் பகுதியில் துரு இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்து வாங்க வேண்டும். ஆனால் மச்சான், நீ ஒட்டகச்சிவிங்கி. திறந்த கூரை வண்டிக்கு, கவிழ்ந்தால் தலையைக் காக்கிற ரோல் பார் என்ற கம்பி கட்டாயம் வேண்டும், ஹெல்மெட் போட்ட தலை அந்தக் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டும். நீ உட்கார்ந்தால் கம்பிதான் உன் தோளைத் தேடும்.

டொயோட்டா 86-ஐயும் சுபாரு பிஆர்இசட்டையும் யோசித்தேன். 2012-இல் வந்த ஜோடி, சிலிண்டர்கள் படுத்தவாக்கில் இருக்கும் 2 லிட்டர் இன்ஜின், 200 குதிரைத்திறன், 1,250 கிலோ அளவில் எடை. தயாரித்தவர்கள் அதற்கு வேண்டுமென்றே ஒல்லியான, சாதாரணப் பிடிப்புள்ள டயரைப் போட்டுக் கொடுத்தார்கள். மிதமான வேகத்திலேயே வண்டி வழுக்கத் தொடங்கும், ஓட்டுபவனுக்கு வழுக்கலைப் பிடிக்கப் பழக்கம் வரும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. ஆனால் விலை உன் பாதியைத் தாண்டும், கூரையும் தாழ்வு. பிஎம்டபிள்யூ இ46, 1998-இலிருந்து வந்த 3 சீரிஸ், ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் பின் சஸ்பென்ஷன் பிடிக்கிற இடத்தில் தரைத் தகடு விரிசல் விடுவது அந்த வகைக்குத் தெரிந்த நோய். லிஃப்டில் தூக்கிப் பார்க்காமல் தொடக்கூடாது. கூலிங் சிஸ்டத்தின் பிளாஸ்டிக் பாகங்களையும் முன்கூட்டியே மாற்ற வேண்டும். விலை குறைவாகத் தெரியும், அப்புறம்தான் பில் வரும்.

இப்போதுதான் நல்ல செய்தி. வாத்தி தன்னுடைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை விற்கிறார்! இனி தன்னால் குனிந்து நிமிர்ந்து டயர் மாற்ற முடியாது என்கிறார். பழைய மாடல், 1.6 லிட்டர், டர்போ கிடையாது, 125 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். நாலு சக்கரத்திலும் டிஸ்க். கூரை உயரம், உன் கழுத்து மடங்காது. வாத்தி வாத்திதானே, வாங்கிய நாளிலிருந்து மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பில்லும் தேதி வாரியாக ஃபைலில் இருக்கிறது. எப்போது ஆயில் ஊற்றினார், எவ்வளவு ஊற்றினார் என்பதைக்கூட ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார். பேட்டும் சீட்டும் ஏற்கெனவே மாற்றியது. டிராக்குக்கு என்று ஒருவர் பார்த்துப் பார்த்துச் செலவழித்த வண்டியை விற்கும்போது அந்தச் செலவு திரும்பக் கிடைக்காது, வாங்குபவனுக்குத்தான் லாபம். அழகுக்காக மாற்றிய வண்டியோடு இதை ஒப்பிடாதே.

முன்சக்கர இயக்கம் என்று முகம் சுளிப்பாய், தெரியும். முன் டயர் சீக்கிரம் தேயும், உண்மை. வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே வரும், அதையும் பழகத்தான் வேண்டும். ஆனால் அந்த வண்டியில் நீ வேகமாகப் போனால், அது உன் கால் செய்த வேலை என்று உனக்கே தெரியும். பவரை மிதித்து நேர்ப்பாதையில் நேரத்தை மீட்கிற வழி அதில் கிடையாது. வளைவுக்குள் நுழைகிற வேகத்தை இழக்காமல் வரப் பழகியே தீர வேண்டும்.

நம்ம வாத்தி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே, அதை அவரே விரும்ப மாட்டார். முந்தின இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த இன்ஜின் முதல் நிமிஷத்தில் எழுப்பும் சத்தத்தில் பாதி உண்மை வந்துவிடும். முன் டயர்களின் உள் ஓரத்தில் கையை விட்டுத் தடவிப் பார். குளிர்ந்திருக்கும்போதே மூன்றிலிருந்து இரண்டுக்கு கியர் போடு, கரகரப்பு வந்தால் சொல். டிக்கி விரிப்பைத் தூக்கி, தகட்டில் மடிப்போ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிற கம்ப்ரெஷன் டெஸ்ட் கட்டாயம். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால், வாத்தியின் வண்டியாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, இதைச் சிரிக்காமல் படி. அந்தச் சிவப்பு வண்டியை லோன் போட்டு வாங்கப் போகிறாய் என்று ஒல்லி சொன்னான். ரோட்டுக்கு எடுக்கிற சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை டிராக்கில் ஓடுவதை விலக்கித்தான் வைத்திருக்கும். உன் பாலிசியை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியை ஒருமுறை வாசி. தடுப்புச் சுவரில் ஒரு இடி, வண்டி போயிற்று, தவணை மட்டும் மாதா மாதம் வந்துகொண்டிருக்கும். அதைக் கட்டப்போவது நீயும் தங்கச்சியும். நாளைக்கே நொறுங்கிப் போனாலும் வீட்டுச் செலவில் கை வைக்காமல் எழுந்து நடக்க முடிகிற விலை எதுவோ, அதுதான் டிராக் வண்டிக்கு உன் விலை. அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். தங்கச்சியிடம் முழுக் கணக்கையும் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றால் முதலில் அதைச் செய்.

நான் இவ்வளவு எழுதுவது உன்னைத் தடுக்க இல்லை. நீ டிராக்கில் ஓட்டப் போகிறாய் என்று கேட்டபோது எனக்குள் வந்த சந்தோஷத்தை ஒல்லியிடம் கேள். பின்னால் உட்கார்ந்து டைமிங் குறிக்க நான் இப்போதே தயார். நிறைய நாள் ஓட்ட வேண்டும், அதற்குக் கட்டுப்படியாகிற வண்டி வேண்டும்.

ஞாயிறு காலை 7 மணிக்கு வாத்தி வீட்டுக்கு வந்துவிடு. ஹெல்மெட்டையும் கொண்டு வா, போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம். கம்ப்ரெஷன் மீட்டரோடு மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று எனக்குச் சொல், ஒல்லிக்கு இல்லை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்