வியட்நாம் டூர் நடத்துபவர்களுக்கு: ஒரு காலைச் சாப்பாட்டைத் தெருவுக்கு விடுங்கள்

சென்னை, திருச்சி, கோவை, மதுரையில் இருந்து வியட்நாமுக்குக் குழுக்களை அழைத்துப் போகும் சுற்றுலா நிறுவனத்தாருக்கு வணக்கம்.

2019-ல் இந்தியாவில் இருந்து வியட்நாம் போனவர்கள் சுமார் 1,69,000 பேர். 2024-ல் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2023 நவம்பரில் திருச்சியில் இருந்தே ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் வந்தது. இந்த வளர்ச்சியில் உங்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பாஸ்போர்ட்டில் முதல் முத்திரையை அறுபது வயதில் வாங்குகிற அம்மாக்களையும் அப்பாக்களையும் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறீர்கள். அதைக் குறைத்துப் பேச இந்த மடலை எழுதவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் பயணத் திட்டத்தில் ஒரே ஒரு காலையாவது ஹோட்டல் பஃபேயைத் தவிர்த்துவிட்டு ஆட்களைத் தெருவுக்கு அனுப்புங்கள். அங்கே தள்ளுவண்டியில் பான் மீ, அதாவது இறைச்சியோ முட்டையோ ஊறுகாயோடு உள்ளே வைத்துத் தரும் வியட்நாமிய ரொட்டி, வாங்கிச் சாப்பிடட்டும். அதை எப்படிப் பொறுப்போடு செய்வது என்று முந்தின இரவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது பெரும்பாலான திட்டங்கள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஹனோய், ஹா லாங், டா நாங், பா நா மலை, ஹோய் ஆன், கடைசியில் ஹோ சி மின் நகரம். காலையில் ஹோட்டலில் பஃபே, மதியமும் இரவும் ஒப்பந்தம் போட்ட இந்திய உணவகம். நானும் பெற்றோர், உறவினர்களோடு அப்படி ஒரு குழுவில் போனவன்தான். எந்த ஊருக்குப் போனாலும் அதே பன்னீர், அதே ஜீரா ரைஸ். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோய்க்காரர்களுக்கும் அந்தச் சாப்பாடு எவ்வளவு அவசியம் என்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அதை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. விமானம், ஹோட்டல், பஸ், உணவகம் எல்லாவற்றுக்கும் ஊரிலேயே பணம் கட்டிவிடுகிறோம். அங்கே போனபின் பட்டுக்கடை, நகைக்கடை என்று நீங்கள் நிறுத்தும் இடங்களில் செலவு செய்கிறோம். ஒரு நாட்டில் ஒரு வாரம் தங்கி, அந்தத் தெருவில் உழைக்கிற ஒருவர் கையில் நேரடியாகப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காமல் திரும்பிவிட முடிகிறது. பொறுப்பான பயணம் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த இடத்தில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

பான் மீ விற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். விடிவதற்கு முன்பே பேக்கரியில் இருந்து ரொட்டி எடுத்து, ஒரு தெரு முனையில் வண்டியை நிறுத்தி, வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு விற்கிறார்கள். பல வண்டிகள் ஒன்பது மணிக்குள் முடித்துவிடும். அந்த ரொட்டி அத்தனை லேசானது, சில மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும். அதனால் அன்றைய ரொட்டியை அன்றே, அதுவும் சீக்கிரமே விற்றாக வேண்டும். சாதாரண வண்டியில் ஒன்றின் விலை 15,000 முதல் 30,000 டோங் வரை இருக்கும். 20,000 டோங் என்றால் நம் பணத்தில் சுமார் எழுபது ரூபாய். உங்கள் குழுவில் முப்பது பேர் என்றால் உங்கள் மொத்தக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. அந்த வண்டிக்காரர்களுக்கு அது நல்ல காலை வியாபாரம்.

இந்த ரொட்டிக்குள் அந்த நாட்டின் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது. உங்கள் கைடுகள் இதைப் பஸ்ஸில் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். 1859-ல் பிரெஞ்சுப் படை சைகோனை, அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தைப் பிடித்தது. அவர்களோடு கோதுமை ரொட்டியும் வந்தது. வியட்நாமின் மண்ணும் மழையும் நெல்லுக்கானவை, கோதுமை மாவு கப்பலில்தான் வரவேண்டும். அதனால் ரொட்டி நெடுங்காலம் வசதிக்காரர் உணவாகவே இருந்தது. வெண்ணெய், பன்றி இறைச்சி, ஈரல் விழுது எல்லாம் தனித்தனியாகத் தட்டில் வரும். மேசையில் உட்கார்ந்து கத்தி வைத்து நறுக்கிச் சாப்பிட வேண்டும். 1954-ல் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை இரண்டாகப் பிரித்தபோது லட்சக்கணக்கானவர்கள் வடக்கில் இருந்து தெற்கே போனார்கள். அப்படிப் போன ஒரு தம்பதி 1958-ல் சைகோனில் ஹ்வா மா என்ற சின்னக் கடையைத் தொடங்கினார்கள். உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத வாடிக்கையாளர்களுக்காக ரொட்டியைப் பிளந்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கையில் கொடுத்தார்கள். இன்று உலகம் தெரிந்துவைத்திருக்கும் பான் மீயைத் தொடங்கிவைத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அந்தக் கடை கௌ தாங் தெருவில் இன்னும் நடக்கிறது. நம் டூர் பஸ்களும் அங்கே ஒரு முறை நின்றால் நன்றாக இருக்கும்.

அப்புறம் ஊருக்கு ஊர் அது மாறும் அழகு. ஹாய் ஃபாங் துறைமுகத்தில் விரல் பருமனில் நீளக் குச்சி மாதிரி ரொட்டி, உள்ளே ஈரல் விழுதும் காரச் சட்னியும். டா லாட் மலையில் இறைச்சி உருண்டை மிதக்கும் சூடான சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நா சாங் கடற்கரையில் பொரித்த மீன் வடை. கேரட்டையும் முள்ளங்கியையும் வினிகரில் ஊறப்போட்ட ஊறுகாய், வெள்ளரி, கொத்தமல்லி, நறுக்கிய மிளகாய் இவை பல ஊர்களுக்கும் பொது. புளிப்பும் காரமும் கொத்தமல்லி வாசமும் ஒன்றாகச் சேர்கிற இந்தச் சாப்பாடு தமிழ் நாக்குக்கு அந்நியமாகவே தெரியாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். "யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்காமப் போனா யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. 2023 செப்டம்பரில் ஹோய் ஆனில் புகழ்பெற்ற ஒரு கடையின் பான் மீயைச் சாப்பிட்ட முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள், வெளிநாட்டுப் பயணிகளும் அதில் இருந்தார்கள். சால்மோனெல்லா கிருமி கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு டோங் நாய் மாகாணத்தில் ஒரு கடையால் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். இவை உண்மை. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கடையின் பெயரும் புகழும் யாரையும் காப்பாற்றவில்லை என்பது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதைப் பெருமளவு குறைக்கலாம். ஈரல் விழுதும், வேகாத முட்டை மஞ்சள் கருவில் எண்ணெய் அடித்துச் செய்யும் வெண்ணெய் போன்ற கலவையும், வெந்த இறைச்சியும் குளிரூட்டாமல் மணிக்கணக்காக வெளியே இருந்தால் கிருமி வேகமாகப் பெருகும். ஆகவே காலையில் போகவேண்டும், உள்ளூர்க்காரர்கள் வரிசையாக வாங்கிக்கொண்டிருக்கும் வண்டியாகப் பார்க்கவேண்டும், மூடிய கண்ணாடிப் பெட்டி இருக்கிறதா, பணம் வாங்கிய கையாலேயே உணவைத் தொடுகிறார்களா என்று இரண்டு நிமிடம் தள்ளி நின்று கவனிக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் கண் முன்னால் பொரித்துத் தரும் முட்டையை வைத்து, விழுதையும் அந்தக் கலவையையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், உடல்நலம் குன்றியவர்கள் அன்று ஹோட்டலிலேயே சாப்பிடட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியதை அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். குழு டூரில் இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. காலையில் மொத்தமாகப் பார்சல் வாங்கி, பஸ்ஸில் போட்டு, கூ சீ சுரங்கங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் பிரிப்பது. பாக்டீரியா வளர இதைவிட வசதி கிடைக்காது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

சைவர்களுக்கு என்ன வழி என்பது அடுத்த கேள்வி. வியட்நாமிய பௌத்தர்களிடம் சைவ உணவு மரபு உண்டு, அதை 'சாய்' என்பார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் இறைச்சியை விலக்குபவர்கள் அங்கே நிறைய. அந்த நாட்களில் சாய் பான் மீ விற்கும் வண்டிகளைச் சுலபமாகப் பார்க்கலாம், பௌத்தக் கோயில்களைச் சுற்றி மற்ற நாட்களிலும் கிடைக்கும். டோஃபு, காளான், சோயாவில் செய்த துண்டுகள் உள்ளே இருக்கும். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் இடங்களில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை, ஆகவே நம் குழுவில் வெங்காயம் தொடாத பாட்டிக்கும் அங்கே இடம் உண்டு. உங்கள் திட்டத்தில் பௌர்ணமி நாள் வந்தால் அன்றைய காலையை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாதாரண வண்டியில் "இறைச்சி வேண்டாம்" என்று சைகை காட்டுவது போதாது. முட்டை பான் மீ கேட்டால்கூட, பழக்கத்தில் முதலில் ரொட்டியின் உள்ளே ஈரல் விழுதைத் தடவிவிடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை, அதுதான் அங்கே வழக்கம். இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் உள்ளூர் கைடை வைத்து வியட்நாமிய மொழியில் சின்ன அட்டைகள் அடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். ஒன்றில் 'நான் முழுச் சைவம். இறைச்சி, ஈரல் விழுது, மீன் சாஸ் வேண்டாம்' என்று இருக்கட்டும். இன்னொன்றில் 'பன்றி வேண்டாம்', வேறொன்றில் 'மாடு வேண்டாம்', நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. ஹலால் பார்ப்பவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். சாதாரண வண்டிகளில் ஒரே கத்தி, ஒரே கல்தான் எல்லாவற்றுக்கும். அவர்களுக்கு சாய் கடையோ ஹலால் உணவகமோதான் சரி.

பணத்திலும் உங்கள் உதவி வேண்டும். விமான நிலையத்தில் ரூபாயையோ டாலரையோ மாற்றித் தரும்போது எல்லாம் 500,000 டோங் நோட்டாகவே கையில் வந்து விழுகிறது. காலை ஆறரை மணிக்கு 20,000 டோங் ரொட்டிக்கு அதை நீட்டினால் பாவம், சில்லறைக்கு விற்பவர் எங்கே போவார்? இன்னொரு சிக்கல், 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்கள் உண்டு. முந்தின நாளே ஆளுக்குக் கொஞ்சம் பத்தாயிரம், இருபதாயிரம் நோட்டுகளாக மாற்றிக் கொடுங்கள், இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விலைப் பலகை தொங்கும் வண்டியில் பேரம் பேசக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். எழுபது ரூபாய்ச் சாப்பாட்டில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வது நமக்கு விளையாட்டு, அவருக்கு அந்த ரொட்டியின் லாபமே அதற்குள்தான்.

முப்பது பேரை ஒரே வண்டி முன்னால் இறக்கிவிடவும் கூடாது. அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே காலை ஊன்றி வாங்கிக்கொண்டு ஓடுபவர்கள்தான் அவருடைய தினசரி வாடிக்கை. நாம் ஒரு நாள் வந்து போகிறவர்கள், அவர்களை இழக்க வைக்கக்கூடாது. நடைபாதையை அடைத்து நின்றால் வம்பு விற்பவருக்குத்தான் வரும். ஹோ சி மின் நகரத்தின் மையப் பகுதியில் 2017-ல் நடைபாதைகளைக் காலி செய்யும் பெரிய நடவடிக்கை நடந்தது, 2024-ல் இருந்து நடைபாதையைப் பயன்படுத்தக் கட்டணம் வசூலிக்கவும் தொடங்கினார்கள். அந்த மனிதர்கள் நிற்கும் இடமே நிச்சயமில்லாதது. நாலைந்து பேராகப் பிரிந்து வேறு வேறு வண்டிகளுக்குப் போனால் பணமும் பரவலாகப் போய்ச் சேரும். பக்கத்தில் கிடக்கும் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்கள் பெரும்பாலும் காபிக்காரருடையவை. ஒரு ஐஸ் காபி வாங்கிக்கொண்டால் ரொட்டியை அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். படம் எடுக்கும் முன் கேட்கவேண்டும், முகத்துக்கு நேரே போனைப் பிடித்து வீடியோ எடுப்பது அங்கேயும் மரியாதை இல்லை. ரொட்டியைத் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டபின் ஒரு பிளாஸ்டிக் கேரி பேக்கிலும் போடுவார்கள். நின்ற இடத்திலேயே சாப்பிடப் போகிற நமக்கு அது எதற்கு? கையைக் காட்டி வேண்டாம் என்றால் புரிந்துகொள்வார்கள். தாளைத் தெருவில் போடாமல் பையில் வைத்துக்கொண்டு ஹோட்டல் குப்பைக்கூடையில் போடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் எந்த ஊரில் வைப்பது என்று யோசித்தால், ஹோ சி மின் நகரத்தைச் சொல்வேன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் போன தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் எப்படியும் குழுவைக் கூட்டிப்போகிறீர்கள். இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான். பென் தான் சந்தை அங்கிருந்து நடக்கும் தூரம், இடையில் உள்ள தெருக்களில் காலையில் ரொட்டி வண்டிகளைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு பஸ்ஸில் ஏற்றுவதை ஒன்பதாக்கினால் போதும்.

அடுத்த சீசன் துண்டறிக்கைகள் இந்நேரம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். 'ஹோ சி மின் நகரம், இரண்டாம் நாள்' என்ற இடத்தில் 'காலை உணவு: தெருவில், உங்கள் விருப்பம்போல' என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். வேண்டாம் என்பவர்களுக்குப் பஃபே இருக்கவே இருக்கிறது. சேர்த்தால் அந்த அட்டைகளையும் சில்லறையையும் மறந்துவிடாதீர்கள்.

நன்றியுடன்,
உங்களோடு பயணம் செய்த ஒருவன்