ஞாயிறு மாலை பல்லாங்குழி

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே போய் விழும் என்று மனதுக்குள்ளேயே எண்ண வேண்டும். ஒரு குழியில் 4 கொட்டை சேர்ந்தால் அதற்குப் பெயர் பசு. கவனித்து எடுக்க வேண்டும். செல்போன் விளையாட்டில் இந்தக் கணக்கையெல்லாம் அதுவே போட்டுவிடுகிறது. செல்போனே கூடாது என்று சொல்லவில்லை, என் மகள் சதுரங்கம் கற்றது அதில்தான். ஆனால் கொட்டையை ஒவ்வொன்றாகப் போடும் விரல் பழக்கம் திரையில் வராது.

பலகை 2 இருக்கிறது, இன்னும் 2 வேண்டும். வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பாட்டிகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், அவர்களே சொல்லித்தரட்டும். கைக்குழந்தைகள் கொட்டையை வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.